கரையில் கேட்கக்கூடாதது

லவீனாவுக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது என்பது யாழ்ப்பாணக் கரையிலுள்ள குருநகர் முழுவதிலும் லவீனா ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்ததை வெளியே விடாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு அவள் மூன்று கிழமையாகத் திரிகிறாள்.

கொழும்புத் தொலைக்காட்சி ஒன்று நடத்திய 'புது வரி' என்ற போட்டி அது. பாட்டு எழுத ஆசைப்படுகிறவர்களுக்கானது. மெட்டை அவர்கள் தருவார்கள், ஒரு சூழலையும் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தால் அவர்களுடைய பாடகர்கள் அங்கேயே பாடிக் காட்டுவார்கள், நடுவர்கள் மூன்று பேர் நல்லது கெட்டது சொல்வார்கள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அபிநயப் பாட்டும் கோயில் பாடற்குழுவுக்கு நத்தார்ப் பெருநாள் பாட்டும் எழுதிக்கொண்டிருந்த லவீனா, சும்மா ஒரு ஆசைக்குத்தான் அதற்கு விண்ணப்பித்தாள். பிறகு ஒவ்வொரு சுற்றாக ஏறிக் கடைசிச் சுற்றுக்கே வந்துவிட்டாள். அந்தச் சுற்றைப் படம்பிடித்து முடித்தாகிவிட்டது, ஒளிபரப்புத்தான் பாக்கி. அதுவரை முடிவைப் பெற்ற தாய்க்கும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளை பஸ் ஏற்றிவிட்டார்கள்.

கையெழுத்து வாங்கினவர்களுக்கு என்ன, அவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். குருநகரில் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மீன் பொரிந்தால் அது விளைமீனா ஒராவா என்று நாலாம் வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடும் ஊர் இது. எந்தப் பிள்ளைக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள், கனடாவிலிருந்து வந்த பெட்டிக்குள் என்ன இருந்தது, எல்லாவற்றையும் கேட்பார்கள். கேட்டு முடிந்த பிறகு, சரியாக விளங்கவில்லை என்று இன்னொரு தரமும் கேட்பார்கள்.

இப்படிப்பட்ட ஊர் ஓர் இடத்தில் மட்டும் கப்சிப் என்றாகிவிடும். கடலுக்கு வெளிக்கிடுகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. எப்போது வருவாய் என்றும் கேட்கக் கூடாது. திரும்பி வந்தவனிடம் என்ன மீன் பட்டது, ஏன் நேரம் சுணங்கினது என்ற பேச்சே எடுக்கக் கூடாது. கேட்டால் அதைக் கடலும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பார்கள் சிலர். வெறும் வள்ளத்தோடு வந்தவனைத் தன் வாயாலேயே அதைச் சொல்ல வைப்பது என்ன மனிதத்தனம் என்பார்கள் வேறு சிலர். காரணம் எதுவானாலும் கரையில் நிற்கிறவர்கள் கேட்பதில்லை. வள்ளம் வந்தால் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள், அவ்வளவுதான். லவீனா இந்தப் பழக்கத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். அதனால்தான் கொழும்பில் போய் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கடைசிச் சுற்றுக்குக் கொடுத்த சூழல் இது: கடலுக்குப் போன காதலன் பல நாள் கழித்துத் திரும்பி வருகிறான், கரையில் நிற்கும் பெண் அவனைப் பார்த்துப் பாடுகிறாள். கடல் என்ற சொல்லைக் கேட்டதும் லவீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. பரிசு மடியில் வந்து விழுந்துவிட்டது என்றே நினைத்தாள். இவளோடு கடைசிச் சுற்றுக்கு வந்த மட்டக்களப்புப் பொடியனும் பதுளைப் பெண்ணும் பேனையைக் கடித்துக்கொண்டிருக்க, இவள் விறுவிறுவென்று எழுதினாள். யோசிக்கத் தேவையிருக்கவில்லை. தன்னுடைய அம்மாவை எழுதினாள்.

அவள் சின்னவளாக இருந்தபோது ஒருமுறை அப்பாவின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. விடிய வரவேண்டியவர் அடுத்த நாள் பின்னேரம்தான் வேறொரு வள்ளத்தின் பின்னால் கட்டி இழுபட்டு வந்து சேர்ந்தார். அதுவரைக்கும் அம்மா யோசப்பின் ஒருவர் காண அழவில்லை. உலையில் அப்பாவுக்கும் சேர்த்து அரிசி போட்டாள். அந்தச் சோறு ஆறிப்போக, மறுபடியும் போட்டாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் துவாயை எடுப்பதும் மடிப்பதும் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவதுமாக இருந்தாள். அப்பா படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது அந்தத் துவாயை நீட்டினாள். "சுடுதண்ணி இருக்கு, குளியுங்கோ" என்றாள். வேறு ஒரு சொல் இல்லை. அந்தத் துவாயின் ஒரு மூலை மட்டும் ஈரமாக இருந்ததை லவீனா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

பாட்டு இப்படிப் போனது:

எங்கே போனாய் கேட்க மாட்டேன்
ஏன் சுணங்கினாய் கேட்க மாட்டேன்
உலையில் அரிசி ஒருபிடி கூட
உனக்கென்று போட்டேன், சொல்ல மாட்டேன்

காய்ந்த துவாய் கொடியில் இருக்கு
காற்று வந்தால் தொட்டுப் பார்ப்பேன்
ஈரம் என்றால் மழைதான் என்பேன்
என் கண்ணை யாரும் கேட்க மாட்டார்

பாடகி நன்றாகத்தான் பாடினாள். மூத்த நடுவரும் நல்ல மனிதர்தான், முந்திய சுற்றுகளில் லவீனாவை வாயாரப் புகழ்ந்தவர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"வரிகள் நல்லா இருக்கு லவீனா. ஆனா எனக்கு ஒரு குறை. இத்தனை நாள் கழிச்சு வாறவனை ஒரு கேள்வி கூடக் கேக்காத பொண்ணு என்ன பொண்ணு? அவளுக்கு உண்மையிலேயே அன்பு இருக்கா? எனக்கென்னமோ கரையில ஒரு மரக்கட்டையை நட்டு வச்ச மாதிரி இருக்கு."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் லவீனாவும் சிரித்தாள். வெளிச்சம் முகத்தில் அடிக்க, இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வேறென்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு அது. சிரித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "ஓம் சேர், இப்பதான் எனக்கும் விளங்குது. மரக்கட்டைதான்" என்று ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள். மண்டபம் மறுபடியும் சிரித்தது.

தோற்றதை அவள் அன்று இரவே விழுங்கிவிட்டாள். கடைசிச் சுற்றுவரை வந்ததே பெரிது என்று நினைக்கிற அளவுக்கு அவளுக்குப் புத்தி இருந்தது. விழுங்க முடியாமல் தொண்டையில் நின்றது அந்த மரக்கட்டைதான். அம்மா அதைப் பார்ப்பாள். பெற்ற பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு, ஓம் மரக்கட்டைதான் என்று சொல்வதைப் பார்ப்பாள். 

வீட்டுக்குள் மூவரும் சின்னத் தொலைக்காட்சியில் பார்த்தாலாவது அந்த நேரம் பார்த்து எதையாவது தட்டி விழுத்தலாம், மின்சாரத்தை நிறுத்தலாம் என்று அவள் திட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்தத் திட்டத்தில் மண்ணைப் போட வந்தார் செபநாயகம்.

செபநாயகம் வாசிகசாலைத் தலைவர். ஊரில் எது நடந்தாலும் அது தன்னுடைய தலைமையில்தான் நடக்க வேண்டும் என்று ஒரு கொள்கை வைத்திருப்பவர், மற்றப்படி தங்கமான மனிதர். ஒரு பின்னேரம் படலையில் நின்றபடியே அப்பாவைக் கூப்பிட்டுத் தொடங்கிவிட்டார்.

"கிறிஸ்துநாயகம், எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு. ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை முன்னுக்குப் பெரிய திரை. கதிரை, ஸ்பீக்கர், வெடி எல்லாம் சொல்லிப்போட்டன். பிள்ளையின்ரை படத்தோடை பனரும் அடிக்கக் குடுத்தாச்சு."

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "நல்லது அண்ணை. செய்யுங்கோ" என்றார்.

"மாமா, உதெல்லாம் என்னத்துக்கு?" என்றாள் லவீனா. "எல்லாற்றை வீட்டிலையும் ரீவி இருக்குதெல்லோ."

"வீட்டிலை ஆரும் பாப்பினம். ஊர் பாக்கிறது எண்டு ஒண்டு இருக்குது பிள்ளை." அவர் கதையை முடித்துக்கொண்டு போய்விட்டார். வென்றாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது அவருடைய நம்பிக்கை. நம்பிக்கை வைத்தவர்களைப் பார்த்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அம்மாவை மறிக்கலாமா என்று பார்த்தாள். யோசப்பின் கூட்டம் கூடும் இடங்களுக்குப் போகிறவள் அல்ல. பூசைக்குப் போவாள், சந்தைக்குப் போவாள், செத்த வீட்டுக்குப் போவாள். ஆகவே இது சுலபம் என்று நினைத்துக்கொண்டு லவீனா குசினிக்குள் நுழைந்தாள்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியிலை பனிக்கை இருக்க வேண்டாம். உங்களுக்கு இருமல் வரும். வீட்டிலை இருந்து பாருங்கோ."

"ஓம் பிள்ளை" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்தாள். கோயிலில் லவீனாவின் முதல் நன்மைப் பூசைக்குக் கட்டிய ஊதாச் சேலையை வெளியே எடுத்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுக்கு மேலாலை அந்தக் கம்பளிச் சால்வையைப் போட்டுக்கொண்டு வாறன். அப்ப இருமாது" என்றாள்.



சனிக்கிழமை பின்னேரம் அவளால் தாங்க முடியவில்லை. அப்பா இறங்குதுறைப் பக்கம் வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது என்று நேரே அவரிடம் போனாள்.

"அப்பா, உந்தத் திரையை வேண்டாமெண்டு செபநாயகம் மாமாவிட்டைச் சொல்லுங்கோ. நான் ஒண்டு சொல்லவேணும். நான்..."

"சொல்லாதை" என்றார் அப்பா. வாளித் தண்ணீரை வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் அடித்து ஊற்றினார். "சொல்லக்கூடாதெண்டு எழுதிக் குடுத்தனீ எல்லோ. பிறகேன் சொல்லுறாய்?"

"அதில்லையப்பா..."

"எனக்குத் தெரியும் பிள்ளை. நீ பஸ்ஸாலை இறங்கேக்கையே தெரியும். பையை நெஞ்சோடை அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு இறங்கினாய். நல்லாப் பட்ட வள்ளம் அப்பிடியே வரும்? தூரத்திலையே கூக்காட்டிக்கொண்டெல்லோ வரும்."

லவீனாவுக்குக் கண் கலங்கியது. "தெரிஞ்சுகொண்டோ எல்லாத்துக்கும் தலையாட்டினனீங்கள்? ஊர் முழுக்கக் கூட்டி வைச்சு, எல்லாருக்கும் முன்னாலை... உங்களுக்கு வெக்கமா இராதே?"

அப்பா வாளியைக் கீழே வைத்தார். 

"வெறும் வள்ளம் எண்டுபோட்டுக் கரையிலை ஆக்கள் இழுக்காமல் விடுகிறவையே? பட்ட வள்ளத்தை இழுக்கிற அதே ஆக்கள்தான் அதையும் இழுக்கிறது. என்ன, அது கொஞ்சம் பாரம் குறைவு." பிறகு, "அந்தத் துடைப்பத்தை எடு" என்றார்.

அவள் துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தாள். பாதிப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. மற்றப் பாதியையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். 'அப்பா, நான் அம்மாவைப் பார்த்து ஊர் உலகம் சிரிக்க வைத்தேன், நானும் சேர்ந்து சிரித்தேன்' என்று எப்படிச் சொல்வது?  இருவரும் சேர்ந்து வள்ளத்தைக் கழுவி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசிகசாலை மதிலில் பனர் தொங்கியது. 'எங்கள் மண்ணின் கவிக்குயில்' என்று எழுதி லவீனாவின் படத்தைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் தலைவர் செபநாயகத்தின் படம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கதிரைகள் முன்வரிசையிலேயே நிரம்பிவிட, மற்றவர்கள் பாயையும் சாக்கையும் விரித்து நிலத்தில் இருந்தார்கள். யாரோ ஒரு பெரிய சருவச் சட்டியில் கடலை அவித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா ஊதாச் சேலையும் சால்வையுமாக முதல் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். லவீனாவைத் தன் மற்றப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். தப்பி ஓட வழி இல்லை.

மட்டக்களப்புப் பொடியனின் பாட்டு முதலில் வந்தது. உண்மையிலேயே நல்ல பாட்டு. குருநகரும் பெருந்தன்மையாகக் கைதட்டியது. பதுளைப் பெண்ணின் பாட்டில் கதாநாயகி ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி கேட்டாள். எங்கே போனாய், ஏன் மறந்தாய், யாரோடு இருந்தாய் என்று அவள் அடுக்கிக்கொண்டு போகப் பின்வரிசையில் ஒரு குரல், "பாவம் அந்த மனிசன், முதல் இறங்க விடடி" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். லவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவளுடைய பாட்டு. முதல் வரி முடிய முன்பே கடலை கொறிக்கிற சத்தம் நின்றது. பெண்கள் இருந்த பக்கத்தில் ஒருத்தி பிள்ளையை மடியில் அழுத்திப் பேசாமல் இரு என்றாள். உலை, அரிசி, ஒருபிடி கூட என்று பாடகி பாடியபோது யாரோ மூக்கை உறிஞ்சுகிறது கேட்டது. துவாய் வந்த இடத்தில் அப்பா மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். பாட்டு முடியும்வரை அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அம்மா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சால்வையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். லவீனா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் காது மூடுமா? செபநாயகத்தின் ஸ்பீக்கரில் ஒவ்வொரு சொல்லும் ஊர் முழுக்கக் கேட்டது. மரக்கட்டை என்றதும் கொழும்பு மண்டபம் சிரித்தது. வாசிகசாலை முற்றத்தில் ஒரு சிரிப்பு இல்லை. அவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் அந்த அமைதி பயங்கரமாக இருந்தது. அடுத்து அவளே பேசினாள். கண்ணைத் திறந்தபோது சுவரளவு பெரிய லவீனா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "மரக்கட்டைதான்" என்று தலையாட்டினாள். அந்த முகத்தை அவளாலேயே பார்க்க முடியவில்லை. பக்கத்தில் அம்மா எப்படி இருக்கிறாள் என்று பார்க்கவும் துணிவு வரவில்லை.

விளம்பரங்கள் போய், ஆட்டம் பாட்டம் போய், முடிவு வந்தது. மட்டக்களப்பு முதலாம் இடம், பதுளை இரண்டாம் இடம், யாழ்ப்பாணம் மூன்றாம் இடம்.

செபநாயகம் வெடிக்கட்டைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். பாவம், ஒரு கணம் அவர் முகம் செத்துப்போயிற்று. ஆனால் தலைவர் என்றால் தலைவர்தான். "மூண்டாம் இடமெண்டால் மூண்டு கட்டுக் கொளுத்துவம். மிச்சத்தைக் கோயில் பெருநாளுக்கு வைப்பம்" என்று ஒலிவாங்கியில் அறிவித்தார். வெடி படபடவென்று வெடித்தது. சனம் எழுந்து வந்தது. ஒருத்தி அவள் கன்னத்தைத் தடவினாள், இன்னொருத்தி தலையில் கை வைத்தாள், ஒருவர் அவித்த கடலையை உள்ளங்கையில் திணித்துவிட்டுப் போனார். கனடாப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று இரண்டு தரம் கேட்கிற ஊர், ஏன் தோற்றாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அம்மா எப்போது எழுந்து வீட்டுக்குப் போனாள் என்று லவீனாவுக்குத் தெரியவில்லை.

ஓடிப் போனாள். அம்மா ஊதாச் சேலையோடு குசினியில் நின்றாள். சேலை மாற்றக்கூட இல்லை. மேசையில் சாப்பாட்டுக் கோப்பை வைத்து, புட்டுப் போட்டு, மீன் குழம்பின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். கோப்பையில் வழக்கத்தைவிட ஒரு அகப்பை கூட இருந்தது.

"இரு, சாப்பிடு" என்றாள்.

லவீனா இருந்தாள். அம்மா குழம்பு விட்டாள், பொரியலில் நடுத்துண்டு பார்த்து வைத்தாள், தண்ணீர் வார்த்து வைத்தாள். எதிரே இருந்த கதிரையில் வந்து இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்பா எஞ்சின் பழுதாகி வந்த அன்று இருந்த அதே முகம். 

"அம்மா, என்னட்டை ஒண்டும் கேக்க மாட்டீங்களே? ஏன் சிரிச்சனான் எண்டு கேளுங்கோ. ஏன் அப்பிடிச் சொன்னனீ எண்டு ஏசுங்கோவன். அது நீங்கள்தான் அம்மா. அந்தப் பாட்டு நீங்கள்தான்."

"தெரியும்" என்றாள் அம்மா.

"பிறகு?"

"பிறகென்ன? நீ பயந்துபோனாய். பயந்தால் நீ சிரிக்கிறது எனக்குத் தெரியாதே? சின்னனிலை ஊசி போடேக்கையும் அப்பிடித்தான் சிரிப்பாய்." அம்மா கையை நீட்டி அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். நல்ல சேலை என்றும் பார்க்கவில்லை. "என்னத்தைக் கேக்கிறது உன்னட்டை? பசியோடை வந்திருக்கிறாய். சாப்பிடு."

அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். மூக்கும் வாயும் ஒன்றாகிப் புட்டுக் கண்டபடி உள்ளே போனது. இவ்வளவு ருசியான புட்டை அவள் அதுவரை சாப்பிட்டதில்லை. அப்பா வந்து வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தார். எதையோ சொல்ல வந்தவர்போல நின்றார். பிறகு செருமிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் தொழிலுக்கு வெளிக்கிட்டார். வழக்கம்போல அம்மா சாப்பாட்டுப் பொதியையும் தண்ணீர்ப் போத்தலையும் படலைக் கட்டையில் கொண்டுவந்து வைத்தாள். வழக்கம்போல அதை வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். போகிறவரை நின்று பார்ப்பதும் வழக்கமில்லை. அப்பா பொதியை எடுத்தார், போத்தலை எடுத்தார், படலையைத் திறந்தார், அங்கேயே நின்றார்.

"யோசப்பின்" என்றார்.

அம்மா திரும்பினாள். ஏதும் மறந்துபோனாரோ என்று அவர் கைகளைப் பார்த்தாள்.

அப்பா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினார். பெண்பார்க்க வந்த அன்றுகூட அவர் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டார். "மண்டைதீவுக்கு அங்காலை போறன். நண்டு வலை. விடிய ஆறு மணிக்கு வந்திடுவன்."

அம்மா அப்படியே நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருமுறை இடுப்பில் வைத்தாள், ஒருமுறை படலையில் வைத்தாள். கடைசியில் "ஓம்" என்றாள். அப்பா திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போனார்.

"கொப்பருக்கு என்ன பிடிச்சது?" என்று அம்மா வாசலில் இருந்த லவீனாவிடம் கோபித்தாள். "போற இடத்தைச் சொல்லிப்போட்டுப் போறார். உப்பிடியும் ஒரு மனிசன் இருக்குமே?" சொல்லிவிட்டுக் கொடியடிக்குப் போய்த் துவாயைத் தொட்டுப் பார்த்தாள். அது நன்றாகக் காய்ந்திருந்தது. அந்தப் பின்னேரம் முழுக்க அம்மா கோயில் பாட்டொன்றை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்ததை லவீனா கவனித்தாள்.

விடிய லவீனா எழுந்தபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவைக் குசினியில் காணவில்லை. அம்மா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு படலையடியில் நின்றாள். மணிக்கூட்டைப் பார்க்க உள்ளே வந்தாள், திரும்பப் போனாள், மறுபடியும் உள்ளே வந்தாள். ஆறு மணி தாண்டியது. பால்காரன் போனான், பள்ளிக்கூட வான் போனது. ஆறரை ஆகியபோது அப்பா ஒழுங்கை முடக்கில் திரும்பினார். சாரம் நனைந்திருந்தது, கையில் நண்டுப் பை தொங்கியது.

அவர் படலைக்குள் கால் வைக்கவில்லை. அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு மணியெண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்றாள். தோளில் கிடந்த துவாயை இழுத்தெடுத்தாள். "ஏன் சுணங்கினது?"

குசினியில் நின்ற லவீனாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. இந்த வீட்டில் இந்தக் கேள்வியை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

அப்பா திகைத்துப்போய் நின்றார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. "வலை கல்லிலை கொழுவிப்போச்சப்பா. அதைக் கழட்டி எடுக்க..." என்று தொடங்கினார். எந்தக் கல், எந்தப் பக்கத்துக் கல், ஏன் கழட்ட முடியவில்லை என்று அம்மா ஒவ்வொன்றாக விசாரித்தாள். அவர் கிணற்றடிவரைக்கும் காரணம் சொல்லிக்கொண்டு போக, அவள் துவாயோடு பின்னாலேயே போனாள்.